268 கிலோவோடு ஆறு நாள்

நாள் 1: நெடுஞ்சாலை, 540 கி.மீ.

காலையில் பெட்டிகளை மாட்டி, டேங்க்கை ஃபுல் செய்து, சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் கைக்கு முதலில் தெரிந்தது எடைதான். வண்டி பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிள். முழு டேங்க்கோடு 268 கிலோ. அலுமினியப் பெட்டிகள், கூடாரம், கருவிகள், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 310ஐத் தாண்டிவிடும். என் எடையைப் போல நான்கு மடங்கு. நின்ற இடத்திலிருந்து இதைப் பத்தடி பின்னால் தள்ளுவதற்குள் வேர்த்துவிடுகிறது.

ஆறு நாள் பயணம். சமவெளி, மலை, ஜல்லிப் பாதை, உயரமான ஒரு கணவாய், பிறகு வீடு. ஊர்களைப் பற்றியும் காட்சிகளைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. தினமும் ராத்திரி உட்கார்ந்து வண்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் மனதில் இருப்பது ஒரே கேள்வி. இவ்வளவு எடையும் ஓடும்போது எங்கே போகிறது, எப்போது திரும்பி வருகிறது?

இன்று அது பெரும்பாலும் வரவே இல்லை. கிளட்ச்சை விட்டு இருபது அடி நகர்ந்ததுமே வண்டி பாதியாக இளைத்துவிட்டதுபோல இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் எஞ்சின் படுத்திருக்கும் விதம். இது பாக்ஸர் எஞ்சின். ஒரு சிலிண்டர் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், இரண்டும் படுக்கையாக. கனமான பாகங்கள் எல்லாம் முழங்காலுக்குக் கீழேயே இருந்துவிடுகின்றன. வண்டியை இடமும் வலமும் சாய்க்க இடுப்பை லேசாக அசைத்தாலே போதும்.

பாக்ஸர் என்ற பெயர் பொருத்தமானது. குத்துச்சண்டைக்காரர் தன் இரண்டு முஷ்டிகளையும் மோதிக்கொள்வதுபோல, இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக வெளியே போய் ஒன்றாக உள்ளே வருகின்றன. ஒன்றின் உதறலை மற்றது தின்றுவிடுகிறது. முழுவதும் தின்பதில்லை. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டில், பிஸ்டன்களை அதோடு இணைக்கும் இரண்டு கனெக்டிங் ராடும் அடுத்தடுத்துத்தான் உட்கார முடியும் என்பதால் சிலிண்டர்கள் சரியாக நேருக்கு நேர் இல்லை, ஒன்று சற்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால். மேலேயிருந்து பார்த்தாலே தெரியும். அதனால் வரும் சின்ன ஆட்டத்தை அடக்க உள்ளே ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் சுற்றுகிறது. 110 கி.மீ. வேகத்தில், ஆறாவது கியரில், ஆர்.பி.எம். நாலாயிரத்தைத் தொடாமல் போகும்போது கைப்பிடியில் ஒரு மெல்லிய முனகல்தான் வருகிறது. எட்டு மணி நேரம் ஓட்டியும் விரல்கள் மரத்துப்போகவில்லை.

இந்த அமைப்புக்கு நூறு வயதாகிவிட்டது. 1923இல் பொறியாளர் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த ஆர் 32தான் பி.எம்.டபிள்யூவின் முதல் வண்டி. 494 சி.சி., 8.5 குதிரைத்திறன். கிராங்க்கை வண்டியின் நீளவாக்கில் வைத்தார். சிலிண்டர் தலைகள் இரண்டும் காற்றில் நீட்டிக்கொண்டு தாமாகக் குளிர்ந்தன. சக்தி நேராகப் பின்னால் போய், பின்சக்கரத்தில் ஒரே ஒரு திருப்பம் திரும்பியது. செயினுக்கு அங்கே வேலையே இல்லை. இன்று என் வண்டியில் 1254 சி.சி., 136 குதிரைத்திறன், 143 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), கூடவே தண்ணீர்க் குளிர்விப்பு. ஆனாலும் அடிப்படைச் சிந்தனை அதேதான். ஒரு நல்ல யோசனைக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

மதியத்துக்கு மேல் சாலை காலியாக இருந்ததால் கொஞ்ச நேரம் 130இல் போய்ப் பார்த்தேன். வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் லிட்டருக்கு 22 கி.மீ. காட்டிக்கொண்டிருந்த திரை 17க்கு இறங்கிவிட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தியோ மும்மடிக்கு ஏறும். 100இலிருந்து 130க்குப் போக, காற்றை மட்டும் கிழிக்கவே இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளையும் இரண்டு பக்கமும் பெட்டிகளையும் சுமக்கும் வண்டி காற்றுக்கு ஒரு சுவர் மாதிரிதான். திரும்ப 100க்கு வந்துவிட்டேன்.

30 லிட்டர் டேங்க். அதில் இருக்கும் பெட்ரோலே 22 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். சாயங்காலம் நிறுத்தும்போது டேங்க் கால்வாசிக்கும் கீழே வந்திருந்தது. காலையில் திணறவைத்த அதே வண்டியைத் தள்ளி நிறுத்துவது இப்போது சுலபமாக இருந்தது.

நாள் 2: கொண்டை ஊசி வளைவுகள், 260 கி.மீ.

இன்று ஓட்டியதுபோல ஒரு நாள் வாழ்க்கையில் அடிக்கடி வராது.

மலை ஏறும் வளைவில் என்ன நடக்கும்? பிரேக் பிடிப்போம். சாதாரண ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஸ்பிரிங் உள்ள இரட்டைக் குழாய்) உள்ள வண்டியில் முன்பக்கம் சட்டென்று அமிழும். ஸ்பிரிங் பாதி அந்த அமிழ்விலேயே செலவாகிவிடும். ஸ்டீயரிங் கோணம் மாறும், சக்கரங்களுக்கு இடையிலான தூரம் குறையும். பிறகு பிரேக்கை விட்டதும் மறுபடி எழும்பும். 300 கிலோவுக்கு மேல் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடினால் வளைவில் கோடு பிடித்துப் போக முடியாது.

ஜி.எஸ். அமிழ்வதில்லை. அமிழ்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். காரணம் டெலிலிவர் என்ற முன் சஸ்பென்ஷன். முன்னால் தெரியும் இரண்டு குழாய்களைப் பார்த்து அதை ஃபோர்க் என்று நினைக்கிறோம். அவற்றுக்குள் ஸ்பிரிங்கும் இல்லை, அதன் துள்ளலை அடக்கும் டேம்பரும் இல்லை. சக்கரத்தைப் பிடித்து நேராக நடத்துவதும் திருப்புவதும்தான் அவற்றின் வேலை. குழாய்களுக்குப் பின்னால், எஞ்சினில் கீல் வைத்ததுபோல முக்கோண வடிவக் கை ஒன்று இருக்கிறது. சுமையைத் தாங்குவது அந்தக் கையின் மேல் நிற்கும் ஒற்றை ஷாக். பிரேக் பிடிக்கும்போது வரும் விசையில் பெரும்பகுதி அந்தக் கை வழியாக எஞ்சினுக்குள் போய்விடுகிறது, ஸ்பிரிங்கை அமுக்குவதில்லை. அதனால் வளைவின் நடுவில் ஒரு குழி வந்தாலும் அதை விழுங்க சஸ்பென்ஷனிடம் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முன் டயர் தரையோடு என்ன பேசுகிறது என்பது கைக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் வருகிறது. கூட வரும் நண்பரின் வண்டியில் வழக்கமான ஃபோர்க், 21 இன்ச் முன்சக்கரம். வளைவில் டயர் லேசாக வழுக்கினாலும் தன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும் என்கிறார். மதியம் வண்டியை மாற்றி ஓட்டிப் பார்த்தேன், அவர் சொல்வது உண்மை. என் வண்டிக்குத் திரும்பியதும் முதல் பத்து வளைவுக்கு நம்பிக்கை குறைவாகத்தான் இருந்தது. டெலிலிவரை முதலில் நம்ப வேண்டும், புரிவது பிறகுதான். எனக்கு அதில் உடன்பாடே. நாள் முழுக்க ஓட்டும் வண்டிக்கு அமைதிதான் முக்கியம்.

பின்பக்கமும் இதே கதைதான். செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டியில் ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்பக்கம் எழும்பும். கடைசியில் உள்ள சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஏறப் பார்ப்பதுதான் காரணம். பழைய ஷாஃப்ட் வண்டிகளில் வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் பொத்தென்று இறங்கும். அது பயமுறுத்தும். 1987இல் வந்த பாராலிவர் இதற்கு ஒரு தீர்வு கண்டது. ஸ்விங் ஆர்முக்கு இணையாக ஒரு தண்டு கொடுத்து, பின்சக்கர கியர்ப்பெட்டியை அது பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். எழும்பும் விசை சட்டகத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது.

அப்புறம் ஷிஃப்ட்கேம். வளைவிலிருந்து வெளியே வரும்போது 2,500 ஆர்.பி.எம்.மில் கியரைக் குறைக்காமலே திருகினேன், வண்டி இழுத்துக்கொண்டு போனது. 2,000இலிருந்து 8,250 வரை எங்கே தொட்டாலும் 110 நியூட்டன் மீட்டருக்கு மேல் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். பெரிய எஞ்சினில் கீழே நல்ல இழுவை வேண்டுமென்றால் வால்வு கொஞ்சமாகத் திறக்க வேண்டும், மேலே வேகம் வேண்டுமென்றால் நிறையத் திறக்க வேண்டும். வால்வை அழுத்தித் திறக்கும் மேடுதான் கேம், இரண்டையும் ஒரே கேம் செய்ய முடியாது. ஆகவே காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளின் கேம்ஷாஃப்டில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு கேம். ஒரு மின் ஊசி இறங்கி, சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்டையே பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது, சிறிய கேமின் இடத்துக்குப் பெரிய கேம் வந்துவிடுகிறது. சுமை குறைவாக இருக்கும்போது இரண்டு இன்டேக் வால்வுகளும் வெவ்வேறு அளவு திறப்பதால் உள்ளே வரும் காற்று சுழன்றுகொண்டே வந்து நன்றாக எரிகிறது. 5,000க்குப் பக்கத்தில் மாற்றம் நடக்கும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். குரல் கொஞ்சம் கனத்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஒரு சொடுக்கு நேரத்துக்குள் ஓர் எஞ்சின் இன்னோர் எஞ்சினாக மாறிவிடுகிறது!

நாள் 3: ஜல்லி, 140 கி.மீ.

எடை இன்று திரும்பி வந்தது.

காலையில் டயர் அழுத்தத்தைக் குறைத்தேன். தார்ச்சாலைக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. ஜல்லிக்கு இரண்டையும் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே இறக்கினேன். டயர் தரையில் இன்னும் அகலமாகப் படியும், கற்கள் மேல் துள்ளாமல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் குறைத்தால் கூர்மையான கல் ரிம்மையே அடித்துவிடும். சுமையோடு இருக்கும் வண்டியில் அந்தப் பேராசை வேண்டாம். என்டியூரோ மோடு போட்டதும் ஆக்சிலேட்டர் மென்மையாகிவிட்டது, பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சுற்றவும் அனுமதி கிடைத்தது.

நின்றுகொண்டுதான் ஓட்டினேன். நின்றால் ஈர்ப்பு மையம் கீழே போகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல, ஆள் எழுந்தால் மையம் மேலேதான் போகும். நடப்பது வேறு. உட்கார்ந்திருந்தால் நானும் வண்டியும் ஒரே மூட்டை. நின்றால் முழங்கால்கள் இன்னொரு சஸ்பென்ஷன் ஆகின்றன. வண்டி எனக்குக் கீழே தன் போக்கில் அலைந்துகொள்கிறது, நான் அதன் மேலே அமைதியாக இருக்கிறேன். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் முன்னால் 210 மி.மீ., பின்னால் 220 மி.மீ. நகரும். நாற்பது ஐம்பது கி.மீ. வேகத்தில், கைகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தை அதன் இஷ்டத்துக்கு விட்டால் 268 கிலோ என்பது மறந்தே போகிறது.

மறந்ததுதான் தவறு. பதினோரு மணிக்கு ஒரு ஏற்றத்தில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஓரமாக நிறுத்தினேன். இடது கால் ஊன்றிய இடம் உதிரி ஜல்லி. கால் சறுக்கியது. இருக்கை உயரம் 89 செ.மீ., கீழே எட்டிக்கொண்டிருந்ததே நுனிக்கால்தான். வண்டி சாய ஆரம்பித்தது. முதல் சில டிகிரிக்கு ஒரு காலால் பிடிக்கலாம். அதற்குப் பிறகு எடையின் கோடு டயரை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமை கூடுகிறது. பிடிக்க முயன்றால் இடுப்பு போகும். கைப்பிடியை விட்டு ஒதுங்கிவிட்டேன். வேகமே இல்லாமல் வண்டி படுத்தது.

அங்கேதான் பாக்ஸரின் இன்னொரு குணம் தெரிந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி முழுவதும் தரையில் சாயவில்லை. க்ராஷ் கார்டின் மேலும் பெட்டியின் மேலும் சாய்ந்து பாதியிலேயே நின்றுவிட்டது. தூக்க வேண்டியது மீதிப் பாதிதான். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரம் உருளாமல் பூட்டினேன். கைப்பிடியை முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கச் சட்டகத்தையும் பிடித்து, தொடைகளால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். தனியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குள் நண்பர் வந்துவிட்டார். "முதுகை வளைக்காதீங்க, காலால தள்ளுங்க" என்றபடியே மறுபக்கம் பிடித்துக்கொண்டார். கார்டில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை.

சிலிண்டர்கள் நீட்டியிருப்பதில் தொல்லையும் இருக்கிறது. மணலில் இரண்டு காலாலும் உந்தி நகர வேண்டிய இடத்தில் முழங்காலுக்குக் கீழே சிலிண்டர் இடிக்கிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் நுழையும் முன் அகலத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதியம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இந்தக் குலத்தின் முதல் வண்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். 1980இல் வந்த ஆர் 80 ஜி/எஸ். ஜி என்றால் கெலெண்டே, கரடுமுரடான நிலம். எஸ் என்றால் ஷ்ட்ராசெ, சாலை. 797 சி.சி., 50 குதிரைத்திறன், சுமார் 186 கிலோ. அடுத்த வருடமே, 1981இல், ஹூபெர் ஓரியோல் பி.எம்.டபிள்யூவில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். 1983இல் மறுபடி வென்றார். 1984, 1985 இரண்டிலும் வென்ற காஸ்தோன் ராயே உயரம் குறைந்தவர். அந்த உயரமான பந்தய வண்டியில் அவருக்குக் கால் தரையில் எட்டாது. அப்படிப்பட்டவர் சஹாராவைத் தாண்டியிருக்கிறார். என் வண்டி அந்த முதல் வண்டியைவிட 80 கிலோவுக்கு மேல் கனம். குதிரைத்திறன் இரண்டரை மடங்கு ஆகியிருக்கலாம், ஆனால் உதிரி ஜல்லியில் ஊன்றும் காலுக்குக் குதிரைத்திறன் எந்த உதவியும் செய்வதில்லை.

நாள் 4: மழை, 310 கி.மீ.

நாள் முழுக்க மழை. அதிகம் எழுதத் தெம்பில்லை.

ரெயின் மோடு. ஆக்சிலேட்டர் மிகவும் நிதானமாகிவிடுகிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது) முன்கூட்டியே வேலை செய்கிறது. இறக்க வளைவு ஒன்றில், சாய்ந்திருக்கும்போதே, சாலையில் சேறு இருப்பதைப் பார்த்துப் பிரேக் பிடித்துவிட்டேன். செய்யக்கூடாதது. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். வளைவதற்குப் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டால் நிறுத்துவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோணத்தைப் பார்த்துத்தான், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., பிரேக் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. விரலுக்கு ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தது, வண்டி நிமிராமல் கோட்டிலேயே போனது. அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது என் திறமை இல்லை.

மாலையில் திரையில் பின் டயர் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆணி. ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் வழக்கமாக டியூப் இருக்கும், ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று போய்விடுமே. இந்த ரிம்மில் ஸ்போக்குகள் நடுவில் நுழையாமல் இரண்டு ஓரங்களில் மாட்டியிருக்கின்றன. காற்று நிற்கும் பகுதியில் துளையே கிடையாது, அதனால் டியூப்லெஸ். சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, சின்னப் பம்பால் காற்றடித்தேன். மழையில் இருபது நிமிடம்.

நாள் 5: கணவாய், 220 கி.மீ.

4,000 மீட்டருக்கு மேல் ஏறினோம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும், சக்தியும் கூடவே குறையும். கணக்குப்படி 136 குதிரைத்திறன் 90 சொச்சமாகிவிடும். ஓட்டும்போது அது அப்படியே தெரிந்தது. இரண்டாம் நாள் மூன்றாவது கியரில் ஏறியது போன்ற சரிவில் இன்று இரண்டாவது கியர் கேட்டது. ஆனால் ஒரு முறைகூடத் திணறவில்லை, புகைக்கவில்லை. கார்புரேட்டர் காலத்தில் இந்த உயரத்தில் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை கக்கும், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் துளையை மாற்ற வேண்டியிருக்கும். இன்று காற்றழுத்தத்தையும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அளந்து பெட்ரோலின் அளவை வண்டியே திருத்திக்கொள்கிறது. மூச்சு வாங்கியது எங்களுக்குத்தான்.

பெரிய எஞ்சினின் பயன் இங்கேதான் எனக்குப் புரிந்தது. சமவெளியில் 136 குதிரைத்திறன் ஆடம்பரம். மேலே மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன பிறகும் சுமையோடு ஏற மீதி இருக்கிறது. ரேடியேட்டரும் அழுத்தத்தோடு மூடியிருப்பதால் தப்பித்தது. இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கணவாயின் உச்சிக்கு முந்தைய செங்குத்து ஏற்றத்தில் ஒரு நெரிசல். நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஹில் ஸ்டார்ட் பிரேக்கை வண்டியே பிடித்துக்கொண்டதால் இரண்டு காலையும் தரையில் வைத்து நிற்க முடிந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு இந்த ஒரு வசதியை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாள் 6: வீடு, 610 கி.மீ.

நேர்சாலை. வண்டி தன் வேலையைச் செய்தது, நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆறு நாளில் 2,080 கி.மீ. இதில் 30 லிட்டர் டேங்க் உண்மையிலேயே தேவைப்பட்டது ஒரே ஒரு நாள்தான். சாதாரண ஆர் 1250 ஜி.எஸ். 20 லிட்டர் டேங்க்கோடு 249 கிலோ. அதே எஞ்சின், அதே டெலிலிவர், 19 கிலோ குறைவு, இருக்கையும் தாழ்வு. இன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். நிறுவனமும் அந்தத் திசையில்தான் போயிருக்கிறது. 2023இல் வந்த ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோ. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கியர்பாக்ஸை அதன் அடியில் கொண்டுபோய் வண்டியின் நடுப்பகுதியையே சுருக்கியிருக்கிறார்கள். சக்தியும் ஏறியிருக்கிறது, 145 குதிரைத்திறன். ஆனால் எனக்கு அந்த வண்டியில் பிடித்தது சாதாரண 1250ஐவிடக் குறைந்த 12 கிலோதான்.

நண்பர் செயினுக்கு எண்ணெய் போட்டு, இழுவையைச் சரிபார்த்துக்கொண்டு பயணம் முழுக்க மாலைகளைக் கழித்தார். நான் அந்த நேரத்தில் இதை எழுதினேன். ஷாஃப்ட் கனம், சக்தியிலும் கொஞ்சம் தின்கிறது. இருந்தாலும் சேறும் மழையும் தாண்டி வந்த ஒரு நாளின் முடிவில் அது கொடுக்கும் அந்த அரைமணி நேரம் எனக்குப் பெரிது.

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிச் சற்று ஆறவிட்டு, எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தேன். வட்டத்தின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் இந்த அளவு பொய் சொல்லும், நிமிர்த்திவைத்துத்தான் பார்க்க வேண்டும். க்ராஷ் கார்டின் கீறலில் துரு பிடிக்காமல் இருக்க நாளை பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும். அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 1,400 கி.மீ. இருக்கிறது. வால்வு இடைவெளியும் அப்போது பார்க்க வேண்டியதுதான். சிலிண்டர் தலைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் டேங்க்கைக் கழற்றாமல், பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தே அந்த வேலையைப் பார்த்துவிடலாம்.